ஆயரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள்

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தபின், செருப்பு மாட்டுகிற சாக்கில் பின்தங்கி நின்று கேட்கப்படுகிற கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைக் குடும்பங்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். மற்ற சபைகளில் முறைகள் சற்று வேறுபடும். இவற்றில் பாதிக்கு மேல் பயத்திலிருந்து வருகிற கேள்விகள். சாபம் வருமோ, ஆசீர்வாதம் நின்றுபோகுமோ, ஆண்டவர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். தகப்பனிடம் போகிற பிள்ளைக்கு அந்த நடுக்கம் தேவையில்லை என்று நம்பித்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறோம்.

குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் நிலைக்கவே மாட்டேன் என்கிறது. நாலு நாள் நடக்கிறது, ஐந்தாம் நாள் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

நீளத்தைக் குறையுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் முக்கால் மணி நேரம் போகும். மூன்றாம் நாள் பிள்ளை தூங்கி விழும், ஐந்தாம் நாள் அம்மாவுக்கே முடியாது. பன்னிரண்டு நிமிடம் போதும். பாமாலையிலோ கீர்த்தனையிலோ இரண்டு சரணம். பத்துப் பதினைந்து வசனம் கொண்ட வேதபாகம். வாசிக்கத் தெரிந்த கடைசிப் பிள்ளையே அதை வாசிக்கட்டும், திக்கினாலும் இடையில் திருத்தாதீர்கள். பிறகு ஆளுக்கு ஒரு காரியம் சொல்லட்டும், இன்றைக்கு எதற்கு ஸ்தோத்திரம், நாளைக்கு எதற்கு வேண்டுதல் என்று. ஒருவர் சுருக்கமாக ஜெபிக்க, எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி முடித்துவிடலாம்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள். எட்டரை மணி என்று வைத்தால் ஒருநாள் பஸ் தாமதமாகும், அன்றோடு போயிற்று. இராச்சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவப் போடுவதற்கு முன் என்று வைத்தால், சாப்பாடு எப்போது நடந்தாலும் ஜெபமும் நடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது ஜெபத்துக்குள் நுழைகிற கண்டிப்பு. "ஆண்டவரே, இந்தப் பையன் கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். பையன் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தனக்குத்தான் அந்த வார்த்தை என்று அவனுக்குத் தெரியும். கண்டிக்க வேண்டியதை வேறு நேரத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவனுக்காக நன்றி சொல்ல ஒன்றையாவது தேடிக் கண்டுபிடியுங்கள்.

வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நிறுத்திவிடுகிறேன். பழைய தமிழும் புரியவில்லை.

மாற்கில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று வீதம் பதினாறு நாளில் முடியும். அடுத்து சங்கீதம், பிறகு ஆதியாகமம், யாத்திராகமம், லூக்கா, அப்போஸ்தலருடைய நடபடிகள். லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்தால் பலிகளின் பொருள் விளங்கும். தனியே வாசித்தால் களைப்புத்தான். முழு வேதாகமத்தையும் ஒரே வருடத்தில் வாசிக்க விரும்புகிறவர்கள் வார நாட்களில் மூன்று அதிகாரமும் ஞாயிறன்று ஐந்தும் வாசிக்கலாம். வாரத்துக்கு 23, வருடத்துக்கு 1,196. மொத்தம் இருப்பது 1,189 அதிகாரம்.

மொழியைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவடைந்தது. நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் நடையோ 19-ஆம் நூற்றாண்டினது. மாற்கு 4:21-இல் விளக்கை மரக்காலின் கீழே வைப்பார்களா என்று வருகிறது. நெல் அளக்கிற மரக்காலைப் பார்க்காத பிள்ளை அதை மரத்தாலான கால் என்றே நினைக்கும். மாற்கு 15:36-இல் கடற்காளானைக் காடியில் தோய்த்தான் என்று இருக்கிறது. கடற்காளான் என்பது நீரை உறிஞ்சும் பஞ்சு, காடி என்பது புளித்த திராட்சரசம். இப்படிப்பட்ட சொற்களை வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் பொருளோடு குறித்துவையுங்கள். ஐம்பது சொல் சேருவதற்குள் மொழி பழகிவிடும். எளிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் அந்த வருடம் எனக்குப் பலிக்குமா?

அட்டையை வேதாகமத்தில் வையுங்கள், ஆனால் அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் ஜனவரி முதல் வாரத்திலேயே வாசித்துவிடுங்கள். அதிகம் பேருக்கு வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் நமக்காக வைத்திருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்கிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், திரும்பி வர எழுபது வருடம் ஆகும் என்றே சொல்லியிருக்கிறது. ஐந்தாம் வசனத்தில், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறார். மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கும் என்று அந்த வசனத்திலிருந்து எடுத்தால் ஏப்ரலில் மனம் உடைந்துபோகும். நீண்ட காத்திருப்பிலும் கைவிடமாட்டார் என்று எடுத்தால் டிசம்பர் வரைக்கும் தாங்கும்.

சம்பளம் 24,000. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்கிறார்கள். கடன் இருக்கும்போதும் கொடுக்க வேண்டுமா?

சாபம் என்று பயமுறுத்திக் காணிக்கை வாங்குவது சுவிசேஷம் அல்ல. அதற்குக் காட்டப்படுகிற மல்கியா 3-ஆம் அதிகாரத்தில், தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்கிற பண்டசாலை என்பது ஆலயத்தின் தானிய அறை. ஆலயப் பணி செய்த, நிலம் இல்லாத லேவியர் அதை நம்பி வாழ்ந்தார்கள். உபாகமம் 14:28, 29-இன்படி மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போனது. புதிய ஏற்பாட்டில் பவுல் சதவீதம் எதையும் விதிக்கவில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7).

அப்படியானால் பத்தில் ஒன்று வேண்டாமா? நல்ல பழக்கம், விடாதீர்கள் என்றுதான் சொல்வோம். பணம் நம்மை ஆளாமல் இருக்க அது ஒரு கடிவாளம். ஆனால் வரிசை முக்கியம். ஐந்து வட்டிக்கு 50,000 வாங்கியிருந்தால் மாதம் 2,500 வட்டிக்கே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் 2,400 காணிக்கை போட்டுவிட்டு வட்டிக்காரரை ஏமாற்றிக்கொண்டு திரிவது சாட்சி ஆகாது. சங்கீதம் 37:21 கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவனைத் துன்மார்க்கன் என்கிறது. சம்பளம் வந்த அன்றே நூறோ இருநூறோ உங்களால் முடிந்ததை ஓர் உறையில் எடுத்து வைத்துவிடுங்கள். பழக்கம் அறுந்துபோகாது. கூடுதல் வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். அது அடைந்த மாதத்திலிருந்து வட்டிக்குப் போன தொகையில் ஒரு பங்கைக் காணிக்கைக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் மீதியிலிருந்து கொடுக்கலாம் என்று தள்ளினால், மீதி என்று ஒன்று வராது.

தொலைக்காட்சியில் எண்ணைக் காட்டி, இத்தனை ஆயிரம் விதைத்தால் இத்தனை மடங்கு அறுப்பீர்கள் என்று கேட்பவர்களுக்கு உங்கள் பணம் போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குத் துக்கத்தில் நடந்து வருகிற ஆயரும் சபை ஊழியரும் இருக்கிற சபைக்குப் போகட்டும். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் அல்ல.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது தாங்க முடியாத தொகையைப் பொருத்தனை பண்ணிவிட்டேன். இப்போது நிறைவேற்ற முடியவில்லை.

பொருத்தனையை, அதாவது ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதை, இலகுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிரசங்கி 5:4, 5 சொல்வது உண்மை. ஆனால் உங்களைப் போன்றவர்களுக்காகவே லேவியராகமம் 27:8 எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பின்படி செலுத்த முடியாத ஏழை ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், பொருத்தனை பண்ணினவனுடைய திராணிக்கு ஏற்ப ஆசாரியன் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. ஆகவே ஆயரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். முடிந்த தொகையை இருவரும் சேர்ந்து தீர்மானித்து, ஜெபித்து, செலுத்தி முடியுங்கள். நகையை அடகு வைத்துப் பொருத்தனை செலுத்த வேண்டாம். பிள்ளை பிழைத்தது உங்கள் தொகைக்காக அல்ல.

லெந்து காலத்தில் எப்படி உபவாசம் இருப்பது? சர்க்கரை நோயாளியும் இருக்கலாமா?

லெந்து தொடங்குகிற சாம்பற் புதனிலிருந்து உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால் 40. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அன்று உபவாசம் இல்லை. பண்டிகை ஏப்ரல் 25 வரை தள்ளி வரக்கூடும் என்பதால் சில வருடம் லெந்து முழு வெயிலில் விழும். தண்ணீரும் குடிக்காமல் இருப்பதை அப்போது யாரும் தொடங்க வேண்டாம்.

பழக்கம் இல்லாதவர்கள் முதல் இரண்டு வாரம் வெள்ளிக்கிழமை காலை உணவை மட்டும் விடுங்கள். தண்ணீர், மோர், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து மதியம்வரை, பிறகு மாலை ஆராதனைவரை நீட்டலாம். முடிக்கும்போது கஞ்சியும் துவையலும் போல் லேசாகத் தொடங்குங்கள். பிரியாணியில் முடித்தால் வயிறு இரவு முழுவதும் பேசும். தினமும் காபி குடிக்கிறவர்களுக்குப் பதினோரு மணிக்குத் தலைவலி வரும். அது ஆவிக்குரிய போராட்டம் அல்ல, காபி இல்லாத குறை. இரண்டு நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்து வந்தால் வராது.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வளர்கிற பிள்ளைகள் சாப்பாட்டை விடக் கூடாது. சாப்பிடாமல் வழக்கமான மருந்தை மட்டும் எடுத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, ஜெபக்கூட்டத்திலேயே வியர்த்து விழுவார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கைப்பேசியையோ தொடரையோ விடலாம். இறைச்சியை நிறுத்தலாம். கடையில் குடிக்கிற இரண்டு டீயை விட்டு, 15 ரூபாய் வீதம் தினம் 30 ரூபாயை உண்டியலில் போட்டால் நாற்பது நாளில் 1,200 சேரும். அது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு மாத அரிசி. ஏசாயா 58-ஆம் அதிகாரம் உபவாசம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

சுகத்துக்காக ஜெபித்தாயிற்று. மருந்தை நிறுத்தாவிட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். இந்த ஒரு பதிலை யாரும் தள்ளிவிடக் கூடாது. இன்சுலினை நம்பியே வாழ்கிறவர் அதை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் சுகம் என்று விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியாய்த் திரும்பி வரும். சுகம் கிடைத்திருந்தால் பரிசோதனையில் தெரியும். பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னவர் இயேசுவே (லூக்கா 17:14). நீங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கட்டும்.

வேதத்தில் ஜெபமும் மருந்தும் சண்டை போடுவதில்லை. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா வைத்தியர். உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). பவுலுக்கு விசுவாசம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டோம்.

மனச்சோர்வுக்கும் இதே பதில். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்று தோன்றினால் அது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சூரைச்செடியின் கீழ் போதும் கர்த்தாவே என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு தூக்கம் (1 இராஜாக்கள் 19). பிரசங்கம் பண்ணவில்லை.

பக்கத்து வீட்டில் கொழுக்கட்டையும் பொங்கலும் கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கலாமா?

இரண்டு கையாலும் வாங்குங்கள். அன்புக்கு முகத்தைத் திருப்புவது நமக்கு அழகல்ல. படைத்தது என்று அவர்களே எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் என்கிறது 1 கொரிந்தியர் 10:28. சொல்லாவிட்டால் விசாரிக்கத் தேவையில்லை (10:27). உங்கள் மனசாட்சி இடம் தரவில்லையென்றால் வாங்கி வைத்து, வேறு ஒருவருக்குக் கொடுங்கள். கொடுத்தவர் கண்ணில் படும்படி குப்பையில் போடுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

புகுந்த வீட்டில் நான் ஒருத்திதான் விசுவாசி. பூஜை அறையைக் கழுவச் சொல்கிறார்கள், விளக்குக்குத் திரி போடச் சொல்கிறார்கள்.

சீரியாவின் படைத்தலைவன் நாகமான் கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நான் அவருக்குக் கை கொடுத்துக் குனிய வேண்டியிருக்குமே, அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானத்தோடே போ என்றான் (2 இராஜாக்கள் 5:18, 19). வீட்டைக் கூட்டுவதும் பாத்திரம் துலக்குவதும் வேலை, வணக்கம் அல்ல. கழுவிக் கொடுக்கலாம். கும்பிடச் சொன்னால், "அத்தை, அதை மட்டும் என்னால் முடியாது, மற்ற எது சொன்னாலும் செய்கிறேன்" என்று தனியாக, முதல் மாதத்திலேயே, பணிவாகச் சொல்லிவிடுங்கள். விருந்தாளிகள் முன்னால் முதன்முறையாக மறுத்தால் அது மாமியாருக்கு அவமானமாகிவிடும். பிறகு சொல் ஏறாது. ஞாயிறு ஆலயத்துக்குப் போக அனுமதி இல்லையென்றால், சமையல் வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம் உங்களுடையது. அடி, பூட்டிவைத்தல் என்று போனால் அது வேறு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், ஆயர் வீட்டிலும் சொல்லுங்கள். மன்னிப்பது என்பது அடிபட மறுபடியும் போய் நிற்பது அல்ல.

நல்ல நேரம், ராகு காலம் பார்ப்பது பாவமா?

பாவம் என்பதைவிட, சுமை. எந்த நாளையும் உண்டாக்கியவரை வைத்துக்கொண்டு நாளுக்குப் பயப்படுவானேன்? எரேமியா 10:2 இதையே சொல்கிறது. நம் வீடுகளில் இது நேராக வருவதில்லை. "திங்கட்கிழமை காலை ஏழரை வேண்டாமே, ஒன்பது மணிக்கு மேல் பால் காய்ச்சலாமே" என்று ஒருவர் சொல்வார். ராகு காலம் என்ற சொல்லே வராது. வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஆயர் தேதி கேட்கும்போது ஒன்பது மணி என்பார்கள். காரணத்தை வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஒரு காரியத்தை நம்பி வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. இந்து உறவினர் நேரம் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். ஆயருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் தோதான நேரத்தைச் சொன்னால் போதும்.

ஓலை எத்தனை நாளைக்கு முன் கொடுக்க வேண்டும்? என்னென்ன தேவை?

ஓலை என்பது ஆலயத்தில் வாசிக்கிற திருமண அறிவிப்பு. மூன்று ஞாயிறு அது வாசிக்கப்படும், மணமகன் சபையிலும் மணமகள் சபையிலும். ஆகவே திருமண நாளுக்கு ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். நான்கு வாரம் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஒரு சபையின் ஓலை இன்னொரு சபைக்குப் போய்ச் சேரும் நாட்களை மறந்துவிடுகிறார்கள். ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் விவரம், வயதுச் சான்று, வேறு சபை என்றால் அங்குள்ள ஆயரின் கடிதம் தேவைப்படும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். அதிகம் சிக்குவது பெயரில்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் "சாமுவேல் ராஜா", ஆதாரில் "எஸ். ராஜா" என்று இருக்கும். பிறகு கடவுச்சீட்டுக்குப் போகும்போது திருமணச் சான்று செல்லாமல் அலைவார்கள். ஓலை எழுதும் அன்றே இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

1872-ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பொது விதி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் திருமணத்தை நடத்துவது. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் புகைப்படக்காரர் இழுத்துக்கொண்டு போகிற மணமக்கள் உண்டு. ஆலயப் படி இறங்கும் முன் கையெழுத்தை முடியுங்கள். தாலியா மோதிரமா என்று கேட்கிறவர்களுக்கு, இரண்டும் உடன்படிக்கையின் அடையாளம். இரு வீட்டாருக்கும் சம்மதமானதை வையுங்கள்.

நிச்சயம் செய்த பெண் வேறு மதம். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா?

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபின் கொடுக்கிற ஞானஸ்நானத்தில் அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி ஏது? அப்படிச் செய்யாதீர்கள். 1872 சட்டம் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலும் திருமணத்தை அனுமதிக்கிறது, ஆனால் சபைகளின் விதி பெரும்பாலும் அதைவிட இறுக்கம். உங்கள் ஆயரிடம் கேளுங்கள். 1954-ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் முன்னறிவிப்போடு பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. அவள் தானாகக் கேட்டு வரும் நாள் வந்தால், மூன்று மாதமாவது உபதேசம் பெற்று எடுக்கட்டும். வராவிட்டாலும் அவள் உங்கள் மனைவியே.

ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

இதை ஞானஸ்நானத்துக்குப் பிறகு சொல்வது அநியாயம், முன்பே சொல்ல வேண்டும். 1950-ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்கான உரிமை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே உண்டு. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அநீதி என்று சபைகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன, எங்கள் கருத்தும் அதுவே. ஆனால் சட்டம் மாறாதவரை, ஞானஸ்நானம் எடுத்து ஆலயத்துக்கு வந்துகொண்டே தாளில் இந்து என்று எழுதிச் சலுகை பெற்றால் பின்னால் சிக்கல் வரும். புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவருடைய வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட கோரிக்கையை மறுத்தது. இழப்பைத் தெரிந்துகொண்டு, வீட்டாரோடு பேசி, அவசரமில்லாமல் முடிவெடுங்கள். ஆயர் எவரும் அவசரப்படுத்தக் கூடாது.

நம் சாதியிலேயே மாப்பிள்ளை தேடுவது தவறா?

திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு, அந்தப் பாத்திரத்தில் குடித்த இன்னொருவர் வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்பது தவறுதான். ஆலயத்துக்குள் சாதிப் பிரிவினை கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே உத்தரவிட்டார். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிற ஊர்கள் உண்டு. பெண்ணுக்குப் பிடித்த, குடிக்காத, வேலை செய்கிற, ஆண்டவருக்குப் பயப்படுகிற பையன் வந்தால் சாதி கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பிறந்த குழந்தை பிழைக்காது என்கிறார்கள். ஆயர் வர நேரமில்லை.

நீங்களே கொடுக்கலாம். இதற்காகவே அவசர ஞானஸ்நானம் என்று ஒன்று சபையில் இருக்கிறது. செவிலியரிடம் கேட்டு, சுத்தமான தண்ணீரை விரல் நனையும் அளவு எடுத்து, குழந்தையின் நெற்றியில் மூன்று தரம் வையுங்கள். பெயரைச் சொல்லி, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லுங்கள். பெயரும் நேரமும் உடன் இருந்தவர்கள் யார் என்பதும் ஒரு தாளில் எழுதி ஆயரிடம் கொடுத்தால் பதிவேட்டில் ஏறும். குழந்தை பிழைத்தால் மறுபடியும் கொடுப்பதில்லை, ஆலயத்தில் சபையார் முன் ஏற்றுக்கொள்வார்கள். தண்ணீர் வைக்குமுன்னே குழந்தை போய்விட்டால் அதற்காக நடுங்காதீர்கள். சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வரவிடுங்கள் என்றவரிடம்தான் அது போயிருக்கிறது.

அப்பா இறந்து நாற்பதாம் நாள் வருகிறது. ஜெபம் வைக்காவிட்டால் ஆத்துமா அலையுமா?

அலையாது. நாற்பதாம் நாள் கூடுவது ஊர் வழக்கம், துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஆறுதல். அவருக்காகச் செய்ய வேண்டிய பரிகாரம் எதுவும் மீதி இல்லை. கையில் காசு இல்லையென்றால் கடன் வாங்கிச் சாப்பாடு போட வேண்டாம், வீட்டாரும் ஆயரும் கூடி ஒரு சங்கீதம் வாசித்தால் நிறைவு. அந்த நாட்களில் மறந்துபோகிற காரியம் இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் செய்யலாம்.

அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் பூவையும் தாலியையும் யாரும் எடுக்க வேண்டாம். வைத்துக்கொள்வதோ கழற்றுவதோ அவர் விருப்பம். வெள்ளைச் சேலை வேதத்தில் எங்கும் விதிக்கப்படவில்லை. அடுத்த வருடம் மகள் திருமணத்தில் அவரைத் தூண் மறைவில் உட்காரவைக்காமல், முன்வரிசையில் உட்காரவையுங்கள். மகளை ஒப்புக்கொடுக்கிற கை அவருடையதாகவே இருக்கட்டும்.

சாகுந்தறுவாயில் இருப்பவர் பக்கத்தில் என்ன ஜெபிப்பது?

நீளமாக வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, உங்கள் முகம் அவர் முகத்துக்கு நேராக வரும்படி உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யார் என்று பெயரைச் சொல்லுங்கள். அவர் சிறுவயதில் மனப்பாடம் பண்ணின பழைய தமிழிலேயே 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லுங்கள், புதிய மொழிபெயர்ப்பில் வேண்டாம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்துங்கள். பேச்சு நின்றவரும் கேட்கக்கூடும். அவருடைய உதடு அசைந்தால், "நான் தாழ்ச்சியடையேன்" என்பதை அவரே சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். உதடு காய்ந்திருந்தால் பஞ்சை நனைத்துத் தொட்டுவிடுங்கள். சொத்து, நகை, யார் வரவில்லை என்ற பேச்சை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.